நிஜாம் சீமையின் தங்கச் சாலை

ஹைதராபாத்திலிருந்து ராய்ச்சூர் சாலையில் கிருஷ்ணா பாலத்தைத் தாண்டினால் பழைய நிஜாம் சீமையின் தங்க பூமி. லிங்கசுகூரை அடுத்த மஸ்கியில் 1915-ல் தங்கம் தேடி அலைந்த பீடன் என்ற என்ஜினீயருக்குக் கிடைத்ததோ அசோகர் பெயர் பொறித்த பாறைக் கல்வெட்டு! அவருக்கு அதிர்ஷ்டமா, நமக்கா?

அருகே ஹட்டி. பழங்காலத்தவர் 600 அடிக்கும் கீழே தோண்டிய இடம். 1947-ல் நிஜாம் ஆட்சியில் தொடங்கிய கம்பெனி, இன்று கர்நாடக அரசின் கையில், இன்னும் தங்கம் எடுக்கிறது. 2001-ல் கோலார் சுரங்கம் மூடப்பட, தலைமுறைகளாய்க் குழியில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள். அதை அறிந்தவர்களுக்கு, ஹட்டியில் ஷிப்டு முடிந்து தொழிலாளர் வெளிவரும் காட்சி நெஞ்சைத் தொடும்.

வடக்கே ஜலதுர்க்கம். பாறைகளுக்கிடையே கிருஷ்ணா பிரிந்தோட, நடுத்தீவில் கோட்டை. நாராயணபுரம் அணையில் தண்ணீர் திறந்திருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம்.