விலை ஒன்றெனில் பண்டமும் ஒன்றே

சேலத்தின் வெப்பத்தைப் பின்னே விட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைகிறவர்கள் அங்கே காசு கொடுத்து வாங்கிவரும் பொருள்களைச் சற்று எண்ணிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை கண்ணைக் காட்டிலும் மற்றப் புலன்களுக்கே தம்மை அதிகமாக வெளிப்படுத்துகிறவை என்பது விளங்கும். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் பயிராக்கிய காப்பியின் தரத்தை மூக்குச் சொல்லிவிடும். தோட்டத்து மரங்களில் படர்ந்து விளையும் மிளகின் முற்றலை விரலும் பல்லும் கண்டுகொள்ளும். ஆரஞ்சில் சாறு உண்டா என்பது கையில் எடுத்த மாத்திரத்தில் தெரியும். பலா பழுத்ததா என்பதைத் தட்டிப் பார்த்தால் காது அறியும். விலையைக் கடைக்காரர் வாய்விட்டுச் சொல்வார். பேரத்தை நாக்கு முடிக்கும். பணத்தாள்களின் நீள அகல வித்தியாசமோ விரல்களுக்கு ஓரளவு துணை செய்தது. ஆகவே அந்தப் பழைய கடைவீதியில் பார்வையற்ற ஒருவர் தம் புலன்களை நம்பியே பண்டத்தைத் தேரவும் விலையைத் தீர்மானிக்கவும் முடிந்தது.

இன்று அதே மலைக்கு ஒரு குடும்பம் போவதென்றால், தங்கும் அறையைப் பதிவு செய்வதும், வாகனத்தை அமர்த்துவதும், பசித்த வேளையில் உணவை வரவழைப்பதும், எல்லாவற்றுக்கும் பணம் செலுத்துவதும் கைப்பேசியின் வழவழப்பான கண்ணாடித் திரை ஒன்றிலேயே நடந்து முடிகின்றன. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறை பத்தாண்டுக்குள் மலையுச்சிப் பெட்டிக்கடை வரை ஏறிவிட்டது. அந்தக் கண்ணாடிக்கு மணமில்லை, எடையில்லை, மேடு பள்ளமில்லை. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர்; தமிழ்நாட்டில் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் பேருக்கு மேல். இத்தனை பேரும் சந்தையை விட்டு விலக வேண்டியதுதானா என்று கேட்டால், விஞ்ஞானம் அதற்கு எப்போதோ மறுமொழி சொல்லிவிட்டது.

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறார்கள். கணினிக்கான ‘ஜாஸ்’ 1989-இல் அமெரிக்காவில் பிறந்தது. பின்னர் 2006-இல், பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கி, தம்மைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து அதை உலகம் முழுமைக்கும் இலவசமாகவே தந்தார். 2009-இல் ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ என்பதும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘டாக்பேக்’ என்பதும் தனி விலையின்றி உள்ளேயே அமைந்துவிட்டன. விரலைத் திரையில் வைத்தால் அவ்விடத்தில் என்ன இருக்கிறதென்று குரல் சொல்லும். வலப்புறம் தள்ளினால் அடுத்ததைச் சொல்லும். இருமுறை தட்டினால் அதைத் தெரிவு செய்யும். பழகியவர்கள், மற்றவர்களுக்குச் சொற்களே பிரியாத வேகத்தில் அந்தக் குரலைக் கேட்டு, கடிதம் எழுதுகிறார்கள், வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்கள், பத்திரிகை படிக்கிறார்கள்.

ஆனால் இந்தக் குரல், செயலியை அமைத்தவர் எழுதி வைத்ததை மட்டுமே படிக்கவல்லது. ஒரு பொத்தானின் மேல் அழகிய சித்திரம் ஒன்றை வரைந்துவிட்டு, அதன் பெயரை உள்ளே எழுதாமல் விட்டுவிட்டால், கேட்பவரின் செவியில் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்பது மட்டுமே விழும். ஏற்காட்டில் ஒரு வார இறுதிக்கு அறை தேடும் பார்வையற்ற ஒருவரின் நிலையை இதைக்கொண்டு கற்பித்துப் பார்க்கலாம். விடுதிகளின் பெயர்கள் கேட்கின்றன. அறையின் படங்களுக்கு விவரணம் இல்லாததால் ஏரியைப் பார்த்த அறை எது, கொல்லைப்புறத்து அறை எது என்று தெரிவதில்லை. தேதி காட்டும் கட்டங்கள் வெறும் எண்களை ஒப்பிக்கின்றன; எந்த நாள் காலியாயிருக்கிறது என்பதையோ நிறத்தால் மட்டுமே சொல்கின்றன. இவ்வளவையும் தாண்டி வந்தால், கோணலாக எழுதப்பட்ட எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து தாம் இயந்திரமல்ல, மனிதர்தாம் என்று நிரூபிக்கும்படி ஒரு கட்டளை வருகிறது. அதற்கும் எவரையேனும் துணைக்கழைத்துப் பணம் கட்டும் கட்டத்தை அடைந்தால், கைப்பேசிக்கு வந்த ரகசிய எண்ணை நிரப்புவதற்குள் கெடு முடிந்து, முதலிலிருந்து தொடங்க நேர்கிறது. அறையின் வாடகை அவருக்கும் மற்றவருக்கும் ஒன்றுதான். அதை வாங்குவதற்கு அவர் செலவிட்ட நேரமும், பிறர் கையில் ஒப்படைத்த அந்தரங்கமும் அந்த வாடகைக்கு மேல் அவரிடம் வசூலிக்கப்பட்ட உபரிக் கட்டணம் என்றே நான் கருதுகிறேன்.

விலையைப் பற்றிய விஷயத்தில் இந்த அநியாயம் இன்னும் கூர்மையடைகிறது. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, கடைசிப் படியில் சேவைக் கட்டணம் முதலியவற்றைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது, கேளாத காப்பீட்டைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவில் சேரும் வழியை அகலமாகவும் விலகும் வழியை ஒடுக்கமாகவும் அமைப்பது ஆகிய தந்திரங்கள் பார்வையுள்ளோரையே ஏமாற்றுவதால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் இத்தகைய 13 வகைகளைத் தடை செய்து நெறிமுறைகளை வெளியிட்டது. கேளாததைக் கூடையில் சேர்க்கும் குறி கண்ணுள்ளவருக்குச் சிறியதாகவேனும் தென்படுகிறது. திரைவாசிப்பானுக்கு எட்டாத இடத்திலுள்ள ஒரு கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைத்திருந்தாலோ, பார்வையற்றவருக்கு அப்படி ஒன்று இருப்பதற்கான அறிகுறியே இல்லை. இன்னொரு விபரீதமும் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த செயலியொன்றுக்கு ஓராண்டுச் சந்தாவை முழுமையாகச் செலுத்திய பின், ‘புதுப்பிப்பு’ என்ற பெயரால் அதன் தோற்றத்தை மாற்றும்போது பொத்தான்கள் ஊமையாகிவிடுகின்றன. வாங்கிய பண்டம் வாங்கியவரின் கையிலேயே பயனற்றுப் போகிறது. செலுத்திய பணத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

அப்படியானால் பார்வையற்றோருக்குச் செயலிகளை இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று கருணையுள்ள சிலர் சொல்வதுண்டு. அந்த எண்ணத்தின் ஈரத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அதை ஏற்க இயலவில்லை. இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்தறிவது அவசியம். திரைவாசிப்பான், பிரெய்ல் கருவி, பணத்தாளை அடையாளம் காட்டும் செயலி முதலியவை பார்வையின்மையால் மட்டுமே தேவைப்படும் சாதனங்கள். அவற்றின் பாரத்தை ஒரு மனிதரின் தலையில் ஏற்றாமல் சமூகம் முழுவதும் பகிர்ந்து சுமப்பதே தர்மம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி முதல் தேதியன்று ‘மணி’ என்னும் நோட்டு அறியும் செயலியை இலவசமாக வெளியிட்டது அந்த தர்மத்துக்கு இசைந்த காரியம். ஆனால் பாட்டும், பாடமும், விளையாட்டும், விடுதி அறையும் எல்லோரும் விலை கொடுத்து வாங்கும் பண்டங்கள். அவற்றை உருவாக்குகிறவர்களுக்கும் பிழைப்பு உண்டு. தனியொருவராகச் செயலி அமைத்து விற்கும் இளைஞருக்கு நியாயமான விலை கிடைக்கத்தான் வேண்டும். விலையைத் தள்ளுபடி செய்துவிட்டுப் பண்டத்தையும் அரைகுறையாகக் கொடுப்பதில் ஓர் அபாயம் இருக்கிறது: காசு கொடாதவருக்குக் குறை சொல்லும் உரிமை இல்லையென்று விற்பவர் எண்ணத் தொடங்குவார், நாளடைவில் வாங்குகிறவரும் அப்படியே எண்ணிவிடுவார். முழு விலையைத் தந்து முழுப் பண்டத்தைக் கேட்கும் நிலையிலேதான் ஒருவர் நுகர்வோராகிறார். ரயிலில் பார்வையற்ற பிரயாணிக்கும் உடன் செல்பவருக்கும் அளிக்கப்படும் கட்டணச் சலுகை நியாயமானதே. எனினும் அந்தச் சீட்டைத் தாமே வாங்க வழியில்லாதவருக்குச் சலுகையின் பாதிப் பயன் போய்விடுகிறது.

சட்டம் இந்த உண்மையை ஒப்புக்கொண்டு வெகுநாளாகிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. வங்கிகள் பார்வையற்றோருக்குக் காசோலை, ஏ.டி.எம்., இணைய வங்கி முதலிய எதையும் மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2008-இல் சுற்றறிக்கை விடுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும், விதிகள் வெளியான இரண்டாண்டுக்குள் தம் சேவைகளை எல்லோரும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டுமென்று 46-ஆம் பிரிவில் விதித்தது. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. அந்தக் கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. மின்னணுச் சேவைகள் எவ்வாறு அமைய வேண்டுமென்பதற்கு ‘ஐ.எஸ். 17802’ என்ற தேசியத் தரநிர்ணயமும் உண்டு. சட்டத்தை மீறுவோருக்கு முதன்முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம்.

ஏட்டில் இருந்த இந்தச் சட்டத்தை உயிர்ப்பித்தவர்கள் பார்வையற்ற குடிமக்களே. வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் மருத்துவர்களை முன்பதிவு செய்யும் ‘பிராக்டோ’ செயலியைக் குறித்துத் தொடர்ந்த முறையீட்டில், அதை அணுகத்தக்கதாக மாற்றும்படி மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2022-இல் உத்தரவிட்டார். தனியார் நிறுவனமும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது அதனால் உறுதியாயிற்று. ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் ஆலோசனையாக்கி வைத்திருந்த, 2017 விதிகளின் 15-ஆம் விதி மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தள்ளி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கப் பணித்தது. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும், அமில வீச்சுக்கு ஆளானோரின் சார்பில் பிரக்யா பிரசூன் முதலியோரும் தொடுத்த வழக்குகளில் 2025 ஏப்ரல் 30-இல் வந்த தீர்ப்பு இவற்றுள் சிகரம் போன்றது. வாடிக்கையாளர் உயிருள்ளவர்தாமா என்றறியக் கேமராவின் முன் கண்ணைச் சிமிட்டும்படி கேட்கும் அடையாளச் சரிபார்ப்பு முறையைப் பரிசீலித்த நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற ஆர். மகாதேவனும், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று பிரகடனம் செய்து, 20 கட்டளைகளைப் பிறப்பித்தார்கள். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வைப்பதும், செயலிகளைத் தணிக்கை செய்வதும், சோதனையின்போதே பார்வையற்றோரைச் சேர்த்துக்கொள்வதும் அவற்றுள் அடங்கும்.

வெளியுலகமும் இதே திசையில்தான் செல்கிறது. டாமினோஸ் நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும் உணவை வரவழைக்க இயலவில்லையென்று கில்லெர்மோ ரோப்லெஸ் என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவற்றுக்கும் பொருந்துமென்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் வங்கிச் சேவையும் இணைய வாணிபமும் அணுகத்தக்கவையாயிருப்பது சட்டக் கட்டாயம்.

இதற்கெல்லாம் செலவாகுமே, வருகிறவர்களோ மிகச் சிலரே என்பது வியாபாரிகளின் ஆட்சேபம். கட்டிமுடித்த வீட்டின் சுவரை இடித்து வாசல் வைப்பதற்கும், கட்டும்போதே வாசல் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்கள் இந்த ஆட்சேபத்தைச் சொல்லமாட்டார்கள். பொத்தானை அமைக்கும்போதே அதன் பெயரை உள்ளே எழுத ஒரு வரி போதும். மேலும் அணுகல் வசதியின் பயன் பார்வையற்றோரோடு நிற்பதில்லை. பணம் வந்தவுடன் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டியைக் கடைக்காரர்கள் தம் வேலைப் பளுவுக்காகவே வாங்கினார்கள். அது பார்வையற்ற கடைக்காரர் ஒருவரை ஏமாற்றுவோரிடமிருந்து காப்பாற்றும் சாதனமாகவும் ஆகியிருக்கிறது. பொதுத் தொலைபேசிக் கூண்டுகள் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமையோடு வழங்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. கைப்பேசி வந்து அந்தப் பிழைப்பைக் கொண்டுபோயிற்று. பறித்த கைப்பேசியே திருப்பித் தரவும் வல்லதென்பதற்கு இந்த ஒலிப்பெட்டி ஒரு சாட்சி. வயதால் பார்வை மங்கிய தாய் தந்தையர் இல்லாத வீடும் நம்மிடையே மிகக் குறைவு.

ஏற்காட்டு விடுதிக்காரரோ, காப்பித்தூளை இணையத்தில் விற்கும் தோட்டக்காரரோ செய்யக்கூடியது அரிய காரியமன்று. படத்தில் மட்டும் இருக்கும் விலைப்பட்டியலை எழுத்திலும் தரலாம். அறையை இரண்டு வாக்கியங்களில் விவரிக்கலாம். தம் பக்கத்தை டாக்பேக் கொண்டு பார்வையற்ற ஒருவரைச் சோதிக்கச் செய்து, அந்த உழைப்புக்குக் கூலியும் கொடுக்கலாம். செயலியில் பதிவு தவறும்போது தொலைபேசியில் பேசி, அதே விலைக்கு, அதே தள்ளுபடியோடு பதிவு செய்து கொடுக்கலாம். குறை நேர்ந்த நுகர்வோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். பார்வையுள்ள நாமும், நம் பெற்றோருக்கோ நண்பருக்கோ ஊமையாய் நிற்கும் செயலியைப் பற்றி அந்த நிறுவனத்துக்கு எழுதலாம். ஒரு விலையைக் குறித்து ஒரு பண்டத்தை விற்பனைக்கு வைத்த கணத்திலேயே, அந்த விலையைத் தர முன்வரும் எவருக்கும் அந்தப் பண்டம் முழுமையாகச் சேரும் என்று வியாபாரி வாக்களித்துவிடுகிறார். பார்வையற்ற நுகர்வோர் நம் வாணிபத்திடம் எதிர்பார்ப்பது, அந்த வாக்கைத் தமக்கும் காப்பாற்ற வேண்டுமென்ற ஒன்றைத்தான்.