ஒளி என்னும் திறப்பு

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன் நான். காபனோரொட்சைட்டும் ஒருநாள் மருந்தாகலாம் என்று சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள். "சேர், மூடின அறைக்குள்ள ஜெனரேட்டர் போட்டா ஆளைக் கொல்லுறது அதுதானே?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் வாயு அது.

ஆனால் அதே வாயுவை நம் உடம்பும் நாளாந்தம் உண்டாக்குகிறது. அடிபட்டு இரத்தம் கண்டிப்போன இடத்தைக் கவனித்திருப்பீர்கள். ஊதா நிறம் சில நாளில் பச்சையாகி, மஞ்சளாகி மறையும். ஈமோகுளோபினில் உள்ள 'ஈம்' உடைவதால் வரும் நிறங்கள் இவை. ஓர் ஈம் உடையும்போது ஒரு காபனோரொட்சைட்டு மூலக்கூறும் வெளியாகும். சிறிய அளவில் அது அழற்சியைத் தணிப்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்னொரு வாயுவான நைத்திரிக் ஒட்சைட்டு, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் தூதுவன் என்று கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? சுவாசிக்கக் கொடுத்தால் வாயு உடம்பெங்கும் போய்விடும். வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மட்டும் இறக்க வழி வேண்டும். 2002இல் ரொபர்ட்டோ மொட்டர்லினியின் குழுவினர், உலோகத்தோடு காபனோரொட்சைட்டு பிணைந்த சேர்வைகளைப் பரிசோதித்தார்கள். அவற்றுள் மங்கனீசுச் சேர்வை ஒன்று, ஒளி பட்டபோது வாயுவை விட்டது. உலோகம் பூட்டு, ஒளி திறப்பு.

வைத்தியசாலையில் இரத்த அழுத்தத்தை அவசரமாகக் குறைக்க ஏற்றும் நைத்திரோபுரூசைட்டு மருந்தை வெளிச்சம் படாமல் மூடிவைப்பார்கள். ஒளி பட்டால் அது பழுதாகிவிடும். அங்கே பகையாக நிற்கும் ஒளியைத்தான் இங்கே வேலைக்காரனாக்கப் பார்க்கிறார்கள்.

பெரிய தடை நம் தோலும் தசையுந்தான். இருட்டில் டோர்ச்சை விரலால் மூடிப் பாருங்கள், சிவப்பே வெளியில் தெரியும். நீல ஒளியும் ஊதாக் கடந்த கதிரும் அதிக ஆழம் போகாது. ஆரம்பத்தில் செய்த சேர்வைகள் பலவற்றுக்குத் தேவைப்பட்டவையோ அவைதான். அதனால் சிவப்பு ஒளிக்கே திறக்கும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள். வாயு போனபின் எஞ்சுவதும் நஞ்சாகக் கூடாது என்பதற்காக உலோகமே இல்லாத சேர்வைகளும் வந்துள்ளன.

இந்த வேலை இன்னும் ஆய்வுகூடத்தைத் தாண்டி நோயாளியின் கட்டிலுக்கு வரவில்லை. ஆகவே இதன் பேரைச் சொல்லி யாராவது ஒளி வைத்தியம் என்று காசு கேட்டால், கொடுத்துவிடாதீர்கள்.