மலைக்குத் தலை வாரியவர்கள்

கடலும் வயலும் பனையும் கண்டு பழகிய யாழ்ப்பாணத்தவனுக்கு மலை என்பது எப்பொழுதும் ஒரு புதுமை. மேடென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத மண்ணிலே பிறந்தவன், 6,128 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவை நினைத்த மாத்திரத்திலேயே குளிரை உணர்கிறான். அதனாற்போலும், நம்மவர் வீடுகளில் விடுமுறை என்றதும் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது அந்நகரின் பெயராகவே இருக்கிறது.

கண்டியில் ஆசிரியப் பணி புரியும் எனக்கு அது ஐம்பது மைலுக்கு உட்பட்ட தூரமே. சென்ற ஆகஸ்ட் விடுமுறையில், ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரையும், மனைவியையும், பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாட் பயணமாக அங்கே புறப்பட்டேன். கம்பளையைக் கடந்து புசல்லாவையை அடைந்ததும் காட்சி மாறிற்று. வீதியின் இரு மருங்கிலும் மலைகள் எழுந்தன. அவற்றின் மேல் தேயிலைச் செடிகள் வரிவரியாக, ஒரே மட்டமாக, வளைந்து வளைந்து சென்றன. மூத்த மகள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, இந்த மலையளுக்குத் தலை வாரிவிட்டது ஆர்?” என்று கேட்டாள்.

குழந்தையின் கேள்விதான், எனினும், அதற்குரிய விடை பெரியது.

இம்மலைகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பி பயிரிடுவதற்காக அவை வெட்டப்பட்டன. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய ஏழை மக்கள், காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869 ஆம் ஆண்டிலே கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் நாளடைவில் அப்பயிரையே அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி போன இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. துரையின் பெயர் பாடநூல்களில் இருக்கிறது. காடு வெட்டியவர்களின் பெயர்களோ தோட்டத்துப் பேரேடுகளோடு மக்கிப்போயின.

தேயிலையைத் தன்போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். காலத்துக்குக் காலம் கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் நிறுத்தி, ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை கொழுந்து பறிப்பதனாலேயே அந்தச் சீரான மட்டம் உண்டாகிறது. மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி சரிவின் குறுக்கே கான் வெட்ட வேண்டும். மலைக்குத் தலை வாரும் வேலை ஒருநாளும் முடிவதில்லை.

றம்பொடைக்கு அப்பால் தேநீர்க் கடையொன்றின் அருகே வாகனத்தை நிறுத்தினோம். எதிரே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப்படும் பச்சைக் கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ சேர்ந்தாற்றான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். நிறை குறைந்தவருக்கு அன்றைக்கு அரைப்பேர்; சம்பளமும் பாதி. கடை வாங்கிலே, எழுபத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தையின் தாய் மலையிலே நின்றாள். என் தாயார் அம்மூதாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, யாழ்ப்பாணத்தவர் எவரும் முதலிற் கேட்கும் கேள்வியைக் கேட்டார்:

“உங்களுக்கு எந்த ஊர்?”

“இதுதாங்கம்மா ஊரு. தாத்தா திருச்சிப் பக்கமிருந்து வந்தாருன்னு சொல்லுவாங்க. நான் பொறந்தது, வாக்கப்பட்டது, வேல செஞ்சது எல்லாம் இந்தத் தோட்டந்தான். ஆனா நாப்பது வயசு வாக்குலதான் எனக்கு ஓட்டு வந்துச்சு.”

“கூடப் பிறந்தவை இருக்கினமோ?”

“ஒரு அண்ணன். இந்தியாவுக்கு எழுதிட்டாங்க. கோச்சி ஏறின அன்னைக்கு லயமே அழுதுச்சு. ஒப்பாரிக் கோச்சின்னுதான் அதுக்குப் பேரு. போன புதுசுல ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் இல்லீங்க.”

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சற்றுநேரம் பேசாதிருந்தார்.

மூதாட்டி சில வார்த்தைகளிற் சொல்லி முடித்தது அரை நூற்றாண்டுச் சரித்திரம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தமையன் ஒரு கணக்கிலும் தங்கை மறு கணக்கிலும் விழுந்தனர். 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்த்துவைத்தன.

பின்னர் நகரை அடைந்தோம். சாமுவேல் பேக்கர் 1848 வாக்கில் இங்கே குடியேறி, ஆங்கில நாட்டுக் கால்நடைகளையும் காய்கறிகளையும் கொண்டு சிறியதோர் இங்கிலாந்தை உண்டாக்க முனைந்தார். தேசாதிபதி கிறகரி 1873 இல் அமைப்பித்த வாவியிலே பிள்ளைகள் படகேறி மகிழ்ந்தனர். 1861 இல் சிங்கோனா மரம் வளர்க்கவென நிறுவப்பட்ட ஹக்கலைப் பூங்காவில் மலர்களைக் கண்டு களித்தோம். அங்கு செல்லும் வழியிலுள்ள சீதா எலியாக் கோவிலில், சீதை சிறையிருந்ததாக மக்கள் நம்பும் ஓடைக்கரையிலே, அம்மா நெடுநேரம் கண்மூடி நின்றார். வெளியே வந்ததும், “அந்த மனுசியின்ர தமையனுக்காகவும் கும்பிட்டனான்” என்றார்.

ஆண்டுதோறும் எத்தனையோ பாடசாலைகள் மாணவரை மலைநாட்டுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. நீர்வீழ்ச்சியின் உயரத்தையும் வாவியின் வயதையும் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள், நன்று. அவற்றோடு கவ்வாத்து, கான், பெரட்டு, அரைப்பேர் என்னும் சொற்களையும் எழுதச் செய்தல் ஆசிரியராகிய நம் கடன். இவை நம் மொழியின் சொற்களே. இவற்றைப் பேசுவோரும் நம் மொழியினரே. வரிசையாக நிற்கும் லயங்களைக் காட்டி, அங்கே ஒரு குடும்பம் எத்தனை அடி அறையில் வாழ்கிறது என்று கேட்டறியவும் வைக்கலாம்.

எந்த ஊர் என்று கேட்பது நம்மவர் வழக்கம். வீடும் வளவும் உறுதியும் உள்ள நமக்கு அதற்கு விடை சொல்வது எளிது. அந்த மூதாட்டிக்கு வாக்கு வந்தது, பிரஜாவுரிமையும் வந்தது. எனினும் அவர் இன்றும் இருப்பது லயத்து அறையிலே. அது நிற்கும் நிலம் அவருடையதன்று. இதுதான் என் ஊர் என்று அவர் சொன்ன சொல்லுக்கு ஒரு காணியுறுதி துணைநிற்கும் நாளிலேயே, அம்மலைகளின் அழகை மனம் கூசாமல் நாம் கண்டு களிக்க முடியும்.