குழந்தைகள் உள்ள வீட்டில் நாய் வளர்க்கலாமா?

திருவரங்கத்து வீதிகளில் வைகறையில் நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். வாயில்தோறும் புதிதாக இட்ட கோலம். கோலத்துக்கு அப்பால், திண்ணை ஓரத்தில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு நாய். அது எந்த வீட்டுக்கும் உரியதன்று; ஆயினும் பல வீட்டுச் சோற்றை உண்டு வளர்ந்தது. அந்த வீதிக் குழந்தை தத்தித் தத்தி வாயிற்படியைக் கடக்கும் நாளில், ஆவலோடு கை நீட்டுவதும் அந்த நாயை நோக்கியே. காவிரிக்கு இக்கரையில், உறையூரிலும் புத்தூரிலும் இதே காட்சிதான். நாம் வீட்டுக்குள் அழைத்தாலும் அழையாவிட்டாலும் நாயும் குழந்தையும் சந்திக்கவே செய்கின்றன. ஆதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் நாய் வளர்க்கலாமா என்ற வினாவை விருப்பு வெறுப்பின்றி ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் நன்மைகளைக் கூறிவிடுவோம். தன்னைத் துன்புறுத்திய தலைவனிடமும் அன்பு மாறாத நாயின் இயல்பை நட்புக்கு உவமையாக்கியது நாலடியார். பேசாத ஓர் உயிரின் பசியையும் நோயையும் குறிப்பறிந்து உணரப் பழகும் குழந்தை, மனிதரின் துன்பத்தையும் எளிதில் உணரும். 2015-ஆம் ஆண்டில் சுவீடனில் வெளியான பெரியதோர் ஆய்வு, பிறந்த முதல் ஆண்டில் நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளிடையே, பள்ளிப் பருவத்தில் ஆஸ்துமா சற்றுக் குறைவாகக் காணப்பட்டது என்று கூறிற்று. நாய்தான் அதற்குக் காரணம் என்று அவ்வாய்வு முடிவு கட்டவில்லை. ஆயினும், நாய் என்றாலே நோய் என்று அஞ்சுவது மிகை என்பதற்கு அது ஒரு சான்று.

இனி மறுபக்கத்தைக் காண்போம். அதற்கு என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூற வேண்டும். கொள்ளிடக்கரைக்கு அருகே என் அத்தையின் வீடு. அங்கே மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. அத்தை மகனுக்கு அப்போது வயது ஏழு. கோடை விடுமுறையில் ஒருநாள், மணி உணவு உண்டுகொண்டிருக்கையில், அவன் அதன் தட்டை விளையாட்டாக இழுத்தான். நாய் உறுமியது, அவன் விடவில்லை, முன்கையில் பல் பதிந்தது. அவன் ஒருவரிடமும் சொல்லாமல் முழுக்கைச் சட்டையை அணிந்துகொண்டான். மூன்று நாள் கழித்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டிதான் அந்தக் காயத்தைக் கண்டாள். “ஏண்டா, அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அவள் பதறினாள். “சொன்னால் வயிற்றில் ஊசி போடுவீர்கள், மணியையும் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவீர்களே, பாட்டி!” என்று அவன் விம்மினான்.

நல்லூழாக அந்த நாய்க்கு வெறிநோய் இல்லை. சிறுவனுக்கு ஊசிகள் போடப்பெற்றன. அவன் நலமாக இருக்கிறான். ஆனால், அந்த மூன்று நாள் மௌனத்தை எண்ணும்போது எனக்கு இன்றும் உடல் நடுங்குகிறது.

காரணம் யாதெனின், வெறிநாய்க்கடி நோய் காலத்தோடு போட்டியிடும் நோயாகும். நோயுற்ற நாயின் உமிழ்நீரில் உள்ள வைரஸ், காயத்தின் வழியே நரம்பினுள் புகுந்து மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும்; சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கழித்தும் வெளிப்படலாம். அது மூளையை எட்டுமுன் தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட வேண்டும். நீரைக் கண்டு அஞ்சுதல் முதலிய குறிகள் தோன்றியபின் பிழைப்பவர் மிக மிக அரியர். சிறு குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால், குழந்தைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் கடி படுவது மிகுதி. அங்கிருந்து மூளைக்கு வழி குறுகியது. வெறிநோய் ஐயத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்நோய்க்கு எதிரான போர் தொடங்கியதும் ஒரு சிறுவனை முன்னிட்டே. 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார், சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் இதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டவருக்காகக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் அமைந்தது 1907-இல். காவிரிக்கரையிலிருந்து ஈரோடு, மேட்டுப்பாளையம் வழியாக மலை ரயிலேறி அங்குச் செல்வது எத்துணைப் பெரும் பயணம் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர், கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய மருந்து நாடெங்கும் பரவிற்று. ஆட்டின் மூளையைக் கொண்டு செய்த அம்மருந்தை நாளுக்கு ஒன்றாக, 14 ஊசி வரை வயிற்றில் போட்டனர். என் அத்தை மகன் அஞ்சியது அதற்கே. அதன் உற்பத்தி 2005-க்குள் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் கடிபட்ட நாளிலும், அதற்குப்பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் மேற்கைத் தோலில் சிறு ஊசிகளாகக் கட்டணமின்றிப் போடுகிறார்கள். இரத்தம் கசியும் காயமாயின், காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்புப் புரதமும் செலுத்தப்படும். ஊசியைக் குறித்த பழைய அச்சத்துக்கு இப்போது இடமேயில்லை.

கடிபட்டவுடன் செய்ய வேண்டுவதை மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளல் நன்று. காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் ஆகியவற்றை அப்புவது தீங்கு. இரத்தம் வராத கீறலையும், புண்மேல் நாய் நக்கியதையும் அசட்டை செய்யலாகாது. ‘குட்டிதானே’ என்று இருந்துவிடுவதும் பிழை. குட்டிக்கும் இந்நோய் வரும். கடித்த நாய் பத்து நாட்கள் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் நோய் இல்லை எனத் தெளியலாம். ஆனால் அந்தப் பத்து நாட்களைக் காத்திருந்து கழித்துவிட்டு ஊசிக்குச் செல்லக் கூடாது.

நோய் ஒருபுறம் இருக்க, நாய் ஏன் கடிக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். சிறு குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரியாத நாயன்று. வீட்டு நாயோ அண்டை வீட்டு நாயோதான். நாம் அன்பின் அடையாளமாகக் கருதும் தழுவுதல், நாய்க்குத் தன்னைப் பிடித்து அடக்குவதாகத் தோன்றலாம். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; உதட்டை நக்கும்; உடல் விறைக்கும்; பின்பு உறுமும். இவை யாவும் ‘என்னை விட்டுவிடு’ என்னும் வேண்டுகோள்களே. பெரியவர்க்குப் புலப்படும் இக்குறிகள் மூன்று வயதுக் குழந்தைக்குப் புலப்படா. உறுமும் நாயை அடித்து அடக்குவோரும் உளர். உறுமல் எச்சரிக்கை மணியாகும். அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை மணியடிக்காமலே நாய் கடிக்கும். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகிய மூன்றையும் நெருங்காதிருக்கக் குழந்தையைப் பழக்க வேண்டும்.

குட்டிகளின் குடலில் உருண்டைப்புழு இருப்பது இயல்பு. மலத்தோடு வெளிப்படும் அதன் முட்டைகள், இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்தபின் தொற்றும் வன்மை பெறுகின்றன. மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் ஈரலையும் கண்ணையும்கூட அப்புழுக்கள் தாக்கக்கூடும். தீர்வு எளியது: குட்டிக்கு இரண்டு வார வயது முதலே கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி புழு மருந்து கொடுத்தல்; மலத்தை அன்றன்றே அகற்றுதல்; உண்ணுமுன் கை கழுவுதல். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் குறிக்கும் நாளிலும், பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தலும் இன்றியமையாதது.

எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் விழிப்பு வேண்டும். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியன நம் நாட்டுப் பெருமைகள். ஆயினும் வேட்டைக்கென வளர்ந்த இனங்கள் ஆதலால் ஓட இடம் வேண்டுவன. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டின் பின்கட்டில் நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய் எரிச்சலுற்றுக் கடிநாயாக மாறினால், குற்றம் நாயினுடையதன்று. கோடையில் 40 பாகை செல்சியஸைக் கடக்கும் திருச்சிராப்பள்ளி வெயிலில், பனிநாட்டின் அடர்ந்த உரோம நாய்களைக் கொணர்ந்து வருத்துவதும் அறமாகாது.

மாணவர்களே, வழியில் கண்ட குட்டியைப் புத்தகப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவோர் உங்களுள் பலர். அந்த இரக்கத்தை நான் பழிக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். நாயின் வாழ்நாள் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் எனலாம். எட்டாம் வகுப்பில் நீங்கள் கொணரும் குட்டி, நீங்கள் கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்காக வேற்றூர் சென்ற பின்னும் உயிரோடிருக்கும். அப்போது அதற்குச் சோறிடுபவர் உங்கள் தாயார். அருகில் தவழ்வது உங்கள் அண்ணன் குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே என் முடிவு இது. நாய் குழந்தைக்கு வாங்கித் தரும் விளையாட்டுப் பொருளன்று. பெரியவர் ஒருவர் ஏற்கும் பொறுப்பு. அத்தகைய பெரியவர் இல்லாத வீட்டில், ஐந்தாறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கையில், புதிதாக நாயைக் கொணர வேண்டா. முன்னரே நாய் இருப்பின் துரத்தவும் வேண்டா. தடுப்பூசி போட்டு, குழந்தையையும் நாயையும் கண நேரமும் தனியே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவை அனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. சிறு கீறலானாலும் குழந்தை அடிக்கும் வசவுக்கும் அஞ்சாமல் ஓடிவந்து சொல்ல வேண்டும். சொன்னால் நாயைத் துரத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அதற்கு இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டைக்குள் காயத்தை மறைக்க வேண்டிய தேவை குழந்தைக்கு இல்லாத வீட்டில்தான் நாய் வளர்க்கலாம்.