கண் சொல்வதா, கம்ப்யூட்டர் சொல்வதா?

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் முதலில் திறந்து பார்ப்பது பெயிண்ட் புரோகிராமைத்தான். ஒரு வீடு, ஒரு மரம் வரைந்துவிட்டு மூடிவிடுவோம். அதே பெயிண்ட்டில் நம் கண்ணையே சோதித்துப் பார்க்கலாம், வாருங்கள்.

படத்தின் இடது பாதியைக் கறுப்பால் நிரப்புங்கள். வலது பாதி வெள்ளையாகவே இருக்கட்டும். கறுப்பின் நடுவே, அவுட்லைன் இல்லாமல், சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய சதுரம் வரையுங்கள். செலக்ட் டூலால் அந்தச் சதுரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+சி, கண்ட்ரோல்+வி அழுத்துங்கள். கிடைக்கும் பிரதியை மவுஸால் இழுத்து வெள்ளையின் நடுவில் விடுங்கள்.

சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். கறுப்பில் இருக்கும் சதுரம் வெளிறியும் வெள்ளையில் இருப்பது அடர்த்தியாகவும் தெரிகிறதா? இப்போது கலர் பிக்கர் டூலால் (சொட்டு மருந்துக் குழாய் படம் போட்ட பட்டன்) ஒவ்வொன்றாக க்ளிக் செய்து, எடிட் கலர்ஸ் விண்டோவில் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே எண்கள்தான்!

இந்த விஷயம் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சாயப் பிரச்சினையாகத் தலைகாட்டியது. பாரிஸில் உள்ள கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-ல் பொறுப்பேற்றவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். நீலம், ஊதாத் துணிகளில் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. மற்ற இடங்களின் கறுப்புக் கம்பளி நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக் காட்டியது. இதை அவர் 1839-ல் புத்தகமாகவே எழுதினார். ஓவியர் சூரா போன்றவர்கள் அதைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கண் ஏன் இப்படிச் செய்கிறது? அது ஒளியை மீட்டர் போல அளப்பதில்லை, அக்கம்பக்கத்தோடு ஒப்பிடுகிறது. அதனால்தான் வெள்ளைத் தாள் வெயிலிலும் குண்டு பல்பு வெளிச்சத்திலும் வெள்ளையாகவே தெரிகிறது. இது கண்ணின் கோளாறு அல்ல, திறமை என்பது என் கட்சி.

அதற்காக எண்களை மட்டும் நம்பலாமா? அதுவும் முடியாது. 2015 பிப்ரவரியில் உலகத்தையே இரண்டாகப் பிரித்த கவுன் போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு வெள்ளையும் தங்கநிறமும், சிலருக்கு நீலமும் கறுப்பும். கலர் பிக்கர் வைத்தால் வெளிர் நீலமும் பழுப்பும்தான் கிடைக்கும். உண்மையான கவுன் நீலம், கறுப்பு! நிழலில் எடுத்த படம் என்று மூளை எண்ணினால் நீலத்தைக் கழித்துவிடும். மஞ்சள் வெளிச்சம் என்று எண்ணினால் மஞ்சளைக் கழிக்கும். இணையத்தில் புடவை வாங்கும்போது அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வருவதில் ஆச்சரியமே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு மாமா, போட்டோக்கள் எல்லாம் மஞ்சளடிக்கின்றன என்று புது மானிட்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், டெஸ்க்டாப்பில் பளீரென்ற நீல வால்பேப்பர். அதன்மேல் சின்ன விண்டோவில் போட்டோ. வால்பேப்பரைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினேன். மானிட்டர் செலவு மிச்சம்.

நீங்களும் போட்டோவின் நிறத்தைத் திருத்துமுன் பின்னணியைச் சாம்பலாக்குங்கள். நைட் லைட் வசதி ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள். அது நிஜமாகவே திரையை மஞ்சளாக்கும்.