பழைய ஆவணக் குறியீடுகளைப் பெயர்த்தெழுதுவதில் குறுக்குவிசைகளின் பயன்பாடு

முன்னுரை

பழைய பத்திரங்கள், கடிதங்கள், கணக்கேடுகள் முதலியவற்றில் நாள், மாதம், ஆண்டு, மேற்படி ஆகிய சொற்களுக்கு மாற்றாக முறையே ௳, ௴, ௵, ௸ என்னும் குறியீடுகள் பயின்று வருகின்றன. இவற்றைக் கணினியில் பெயர்த்தெழுதுவோர், குறியீட்டைத் தேடி எடுக்கும் இடர்ப்பாடு கருதிச் சொல்லாகவே விரித்து எழுதிவிட நேர்கிறது. அவ்வாறு எழுதின், மூலத்தில் இருந்தது குறியீடா சொல்லா என்பதைப் பின்னர் அப்படியைப் பயன்படுத்தும் ஆய்வாளர் அறிய இயலாது. சொல்லடைவு உருவாக்கும்போது மூலத்தில் இல்லாத சொற்களும் கணக்கில் சேர்ந்துவிடும். இதனைத் தவிர்க்கும் பொருட்டு, மைக்ரோசாப்ட் வேர்டு செயலியில் குறுக்குவிசை அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அமைக்கும் முறை

இக்குறியீடுகள் 2003ஆம் ஆண்டில் ஒருங்குறியின் 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. வேர்டின் 'இன்சர்ட்' பட்டியில் 'சிம்பல்' என்பதையும் அதனுள் 'மோர் சிம்பல்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். திறக்கும் பெட்டியில் நிர்மலா யுஐ எழுத்துருவையும் 'சப்செட்' பகுதியில் தமிழையும் தெரிவு செய்தால் குறியீடுகள் தோன்றும். உரிய குறியீட்டைச் சுட்டி, 'ஷார்ட்கட் கீ' பொத்தானைச் சொடுக்கி, விரும்பும் விசைகளை ஒருசேர அழுத்தி, 'அசைன்' என்பதைச் சொடுக்கினால் குறுக்குவிசை அமைந்துவிடும்.

விசைத் தேர்வு

மாதம் என்பதன் ஆங்கில முதலெழுத்தை நினைவிற்கொண்டு ௴ குறியீட்டிற்குக் கண்ட்ரோல், ஆல்ட், எம் ஆகியவற்றை அமைப்பது எளிதெனத் தோன்றலாம். ஆனால், அது கருத்துரை இடுவதற்கு வேர்டில் முன்னரே வழங்கப்பட்ட விசை. நெறியாளரும் மாணவரும் அதனை இழத்தல் கூடாது. கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் 1, 2, 3 ஆகிய எண்கள் தலைப்பு நிலைகளுக்கு உரியன. எனவே 7, 8, 9 ஆகியவற்றை முறையே நாள், மாதம், ஆண்டுக் குறியீடுகளுக்கு அமைக்கலாம். விசைகளை அழுத்தியவுடன் அவை முன்னரே பயன்பாட்டில் உள்ளனவா என்பதைப் பெட்டியே காட்டும். தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போதும் ஒருமுறை சோதித்தல் நன்று.

குறுக்குவிசை அமைக்கப்பட்ட கணினியிலேயே தங்கும், கோப்புடன் செல்லாது. குறியீடோ ஒருங்குறி எழுத்தாதலின் கோப்புடன் செல்லும். பெறுபவரின் எழுத்துருவில் அது இல்லையெனில் வெற்றுக் கட்டமாகத் தோன்றக்கூடும். எழுத்துருவை மாற்றினால் சரியாகும்.

முடிவுரை

விரித்தெழுதுதல் பதிப்பாசிரியர் தெரிந்து செய்யும் முடிவாக இருக்கலாம். தட்டச்சின் இடர்ப்பாட்டால் நேர்வதாக இருத்தல் கூடாது. குறியீட்டை உள்ளவாறே எழுதி, விரிவை அடிக்குறிப்பில் தருவதற்குக் குறுக்குவிசை துணைபுரிகிறது.