பேண்டு பழகும் பிள்ளைகளின் செவி

குன்னூரை அடுத்த வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருப்பதால், அணிவகுப்பு முரசொலி நீலகிரி மக்களுக்குப் புதிதன்று. பள்ளிப் பேண்டில் சேர்ந்து டெனர் டிரம் பழகும் பிள்ளைகளும் இங்கு உண்டு. சைடு டிரம்மின் அடியிலுள்ள கம்பிகள் இதற்குக் கிடையா. ஆகவே ஒலி சலசலக்காமல் ஆழ்ந்து எழும். மெத்தென்ற தலையுடைய குச்சிகளைச் சுழற்றி அடிப்பது காண்பதற்கும் அழகு.

புதிதாகக் கற்போர் குச்சியை இறுகப் பற்றுவர்; மணிக்கட்டு வலி அங்கே தொடங்குகிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க, ஏனைய விரல்கள் தளர்வாக அணைத்திருந்தால் போதும். அடித்த குச்சி தானே துள்ளி எழும். மார்கழிக் காலையில் விரல்கள் விறைத்திருக்குமாதலால், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிய பின்னரே தொடங்குக. முதல் சில வாரங்கள் டிரம்மை மாட்டாமல், ரப்பர் பலகையில் அடித்தவாறு நின்ற இடத்திலேயே கால் மாற்றிப் பழகுவது நன்று.

நான்கைந்து டிரம்கள் இணைந்த வகை பத்து கிலோவுக்கும் மிகும். பள்ளிப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுக் கொள்கை. 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 4 கிலோ. முரசை நெடுநேரம் சுமப்பதற்கும் இக்கணக்கையே நான் பரிந்துரைப்பேன்.

ஆயினும், காது மருத்துவன் என்ற முறையில் என் கவலை எடையைப் பற்றியதன்று. பேரொலி கேட்டதும் நடுச்செவியின் சிறு தசை சுருங்கி ஓரளவு காக்கும். முரசின் அடியோ அத்தசை சுருங்குமுன்பே உட்செவியை எட்டிவிடும். அங்குள்ள நுண்மயிர் உயிரணுக்கள் மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே. மூடிய அறையில் பேண்டுப் பயிற்சி இவ்வளவை எளிதில் எட்டும். ஆகவே திறந்த மைதானமே மேல், மழை மட்டும் விடவேண்டும்.

பஞ்சு அடைத்தால் போதுமென்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அது ஏறக்குறையப் பயனற்றது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேல்நோக்கிப் பின்னிழுத்து உட்செலுத்துக; அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பின் காதில் இரைச்சலோ அடைப்போ தோன்றினால், அது நீங்கும்வரை டிரம் வேண்டாம். மறுநாளும் நீடித்தால் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். திடீரென ஒரு காது கேளாமற்போனால், அன்றே வர வேண்டும்.